ஓடைப்பாலத்துக்குக் காலநிலைக் கணக்கு: 20 சதவீதம் கூட்டினால் போதுமா?

14 ஜூன் 2025, காலை. நெல்லிக்குப்பம் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

அண்ணே, எங்கள் ஊர் ஓடையில் இருக்கிற தரைப்பாலத்தை இடித்துவிட்டு பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலம்) கட்டப்போகிறார்கள். எஸ்டிமேட் நகல் கைக்கு வந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி 4 சதுர கிலோமீட்டர், டிசைன் டிஸ்சார்ஜ் (பாலத்தின் அடியில் போகவேண்டிய உச்ச வெள்ளம்) வினாடிக்கு 17.1 கன மீட்டர், "காலநிலை மாற்றத்துக்காக 20 சதவீதம் கூடுதல்", ஆக மொத்தம் 20.5 என்று போட்டிருக்கிறது. ஃபெஞ்சல் புயலில் தரைப்பாலத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர் போனது. காலநிலையையும் சேர்த்தாயிற்று, இனி கவலை இல்லை என்கிறார்கள். 20 சதவீதம் போதுமா?

14 ஜூன், இரவு

போதாது. ஆனால் சிக்கல் 20-இல் இல்லை தம்பி, அது ஏறி உட்கார்ந்திருக்கிற 17.1-இல் இருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. ரைவ்ஸ் சூத்திரம். 1884-இல் சென்னை மாகாணத்துக்காகப் போட்டது. பரப்பளவை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு குணகத்தால் பெருக்கு, அவ்வளவுதான். கடலோரத்துக்குக் குணகம் 6.8, உள்ளே தள்ளிப் போனால் 8.5, மலையடிவாரத்தில் 10.2. நான்கு சதுர கிலோமீட்டருக்கு 6.8 போட்டால் சரியாக 17.1 வரும். இந்தச் சூத்திரத்தில் மழை என்று ஒரு எழுத்துகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மண் எப்படி, சரிவு எப்படி, ஊர் எவ்வளவு சிமென்ட் ஆகிவிட்டது என்ற எதுவும் இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அது பெரிய வேலை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மழையே இல்லாத ஒரு சூத்திரத்தின் தலையில் "மழை கூடும், ஆகவே 20 சதவீதம்" என்று வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

அதே ஓடைக்கு மழையை வைத்து ரேஷனல் முறையில் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை, அதில் 60 சதவீதம் ஓடி வருகிறது, 4 சதுர கிலோமீட்டர். 0.278 × 0.6 × 60 × 4, வினாடிக்கு 40 கன மீட்டர் (0.278 என்பது அலகுகளை மாற்றுகிற எண்). மணிக்கு 60 மில்லிமீட்டர் என்பது நம் கரையில் ஐப்பசி கார்த்திகையில் ஒன்றும் அதிசயமான மழை இல்லை.

17-க்கும் 40-க்கும் நடுவில் நின்றுகொண்டு 20 சதவீதத்தைப் பற்றிப் பேசுகிறோம். கூட்டிய பிறகும் 40-இல் பாதியைத்தான் தொட்டிருக்கிறது.

15 ஜூன்

"அப்படியானால் 20 என்பது யார் சொன்ன எண்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து அது அதிகம் புழங்கிய இடம் இங்கிலாந்து. அங்கே பல ஆண்டுகள் ஆற்று உச்ச நீரோட்டத்துக்கு நாடு முழுக்க ஒரே 20 சதவீதம் சேர்த்தார்கள். எல்லா ஆறும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது என்பதால் 2016-இல் அதைக் கைவிட்டு வட்டாரவாரியாகப் பிரித்தார்கள். 2021-இல் இன்னும் சிறிய படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடு மதிப்பு, கொஞ்சம் மேல், உச்சம் என்று தனித்தனி எண்கள் கொடுத்தார்கள். வைத்திருந்தவர்களே விட்டுவிட்ட எண், நம் ஊர் எஸ்டிமேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

17 ஜூன்

நேற்று ஒருவர் "ஐஆர்சி விதியிலேயே 30 சதவீதம் கூட்டச் சொல்லியிருக்கிறது, காலநிலை அதற்குள் அடக்கம்" என்று எழுதியிருந்தார். இது பரவலாக இருக்கிற குழப்பம், இதை விட்டுவிட முடியாது.

ஐஆர்சி என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ். பால அஸ்திவாரத்துக்கான அதன் விதிநூலான ஐஆர்சி 78-இல் அப்படி ஒரு கூடுதல் இருப்பது உண்மை. நீர்ப்பிடிப்பு 3,000 சதுர கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 10,000-க்குப் போகும்போது 20, 40,000-க்குப் போகும்போது 10. ஆனால் அது அஸ்திவாரத்துக்கு. வெள்ளத்தில் தூணின் அடியில் மண் எவ்வளவு ஆழத்துக்கு அரித்துப் போகும் என்று கணக்கிடுவதற்கு மட்டும் கூட்டுகிற பாதுகாப்பு. காலநிலை பற்றி யாரும் பேசாத காலத்திலேயே அந்த விதி உண்டு. பாலத்தின் கண் (தண்ணீர் போகிற திறப்பு) எவ்வளவு அகலம், தளம் எவ்வளவு உயரம் என்பதை அது தொடுவதே இல்லை. அதைக் காட்டிக் காலநிலைக்குக் கணக்கு முடிந்தது என்றால் ஒரே பணத்தை இரண்டு கடனுக்குக் கொடுத்ததாகச் சொல்வது போல.

21 ஜூன்

இன்று காலையில் அந்த ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கேள்வி கேட்ட தம்பியும் அவர் பெரியப்பாவும் வந்திருந்தார்கள்.

தரைப்பாலத்துக்கு அடியில் மூன்று ஹியூம் பைப் (சிமென்ட் குழாய்) இருக்கிறது, அதில் ஒன்று முக்கால்வாசி மண். மேல்பக்கத்துக் கரையில் ஒரு வேலிக்கருவை, அதன் கிளையில் கரும்புச் சோகையும் ஒரு கிழிந்த யூரியா சாக்கும் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பெரியப்பா அதைத்தான் முதலில் காட்டினார். "டிசம்பர்ல வந்தது தம்பி, யாரும் எடுக்கல." தளத்திலிருந்து அந்தச் சாக்கு வரை டேப் பிடித்தோம். 95 சென்டிமீட்டர். கொஞ்சம் தள்ளி ஒரு மோட்டார் கொட்டகைச் சுவரில் சேற்றுக்கோடு, அதுவும் கிட்டத்தட்ட அதே மட்டம். இரண்டு குறிகள் ஒத்துப்போனால் எனக்கு அது சூத்திரத்தைவிட உறுதியான சாட்சி.

இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட சரிவு, ஓடையின் குறுக்குவெட்டு, இவற்றிலிருந்து நீரோட்டத்தைத் தருகிற மேனிங் சமன்பாடு, இவற்றை வைத்து அன்றைக்கு ஓடிய தண்ணீரைத் தோராயமாகப் பின்னோக்கிக் கணக்கிடலாம். எஸ்டிமேட்டில் இதற்கு ஒரு வரி உண்டு, "உள்ளூர் விசாரணையில் அறிந்த அதிகபட்ச வெள்ள மட்டம்" என்று. அந்த வரிக்கு எதிரே எழுதியிருந்த மட்டம் தரைப்பாலத்தின் தளத்தைவிடக் கீழே இருக்கிறது. பெரியப்பாவை யாரும் விசாரிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

21 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

சாக்கை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொட்டகைச் சுவரில் சேற்றுக்கோட்டின் மேல் பெயின்ட் அடித்துத் தேதி எழுதச் சொல்லியிருக்கிறேன். எல்லா ஊரிலும் இதைச் செய்யுங்கள். ஒரு டப்பா பெயின்ட் போதும்.

2 ஜூலை

ஓடையை விட்டுப் பெரிய ஆற்றுக்கு வரச் சொல்லிப் பலர் கேட்கிறீர்கள். சரி, பெண்ணையாறு.

நந்தி மலையில் புறப்பட்டு தாழங்குடாவில் கடலைச் சேர்கிற ஆறு, படுகை ஏறக்குறைய 16,000 சதுர கிலோமீட்டர். விளையாட்டாக இதற்கும் ரைவ்ஸ் போட்டுப் பார்த்தேன் (இவ்வளவு பெரிய படுகைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, எண்ணின் அளவு தெரியட்டும் என்றுதான்). கடலோரக் குணகத்தில் வினாடிக்கு 1.52 லட்சம் கன அடி வருகிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து மட்டும் திறந்தது வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அணைக்குக் கீழே பெய்த மழை அதில் சேரவில்லை.

ஏன் அவ்வளவு வந்தது? ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ., மயிலத்தில் 50-ஐ ஒட்டி. அப்புறம் அது மெதுவாக மேற்கே போய் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. ஊத்தங்கரைத் தண்ணீர் பாம்பாறு வழியாக நேரே சாத்தனூருக்கு வரும். அணையின் முழுக் கொள்ளளவு 7.3 டிஎம்சி, அதாவது 730 கோடி கன அடி. 1.68 லட்சம் கன அடி என்றால் காலி அணைகூடப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அன்றைக்கு அது காலியாகவும் இல்லை.

ஆகவே கடலூரில் பெண்ணையாற்றின் வெள்ளம் இயற்கையான வெள்ளமாக மட்டும் வருவதில்லை. அணை எத்தனை அடியில் இருந்தது, எப்போது எவ்வளவு திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. "பெண்ணையாற்று வெள்ளத்துக்கு இத்தனை சதவீதம் கூட்டு" என்றால், எந்த வெள்ளத்துக்கு? மேலே பெய்கிற மழையைக் கூட்டி, அணைக்குள் விட்டு, ஷட்டர் விதிகளோடு வெளியே எடுத்து, திருக்கோவிலூர் வழியாக இங்கே கொண்டுவந்தால்தான் நாணமேடு, உச்சிமேடு, குண்டுஉப்பலவாடி மக்களுக்குப் பொருந்துகிற எண் கிடைக்கும். அக்கரையில் புதுச்சேரியின் பாகூர் பகுதிக்கும், சோரியாங்குப்பத்துக்கும் குருவிநத்தத்துக்கும், அதே எண்தான். ஆறு நடுவில் ஓடுகிறது, ஆனால் இந்தக் கரைக்கு ஒரு அரசு, அந்தக் கரைக்கு ஒரு அரசு. ஒரு பக்கம் கரையை உயர்த்தினால் தண்ணீர் மறுபக்கம் போகும். இதை இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கணக்காகப் போடவேண்டும் என்பதை நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

3 ஜூலை

மலட்டாற்றை ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: நீங்கள் சொல்வது நியாயம். பெண்ணையாற்றுத் தண்ணீர் மலட்டாறு வழியாகக் கடலூருக்குள் ஓடுகிற கெடிலம் ஆற்றுக்கும் வரும். கெடிலத்தின் சொந்த மழையை மட்டும் வைத்துத் திருப்பாதிரிப்புலியூருக்குக் கணக்குப் போட்டால் குறையும்.

5 ஜூலை

"2024-இல் நூறாண்டு வெள்ளம் வந்துவிட்டது, இனி நூறு வருஷத்துக்கு வராது, பிறகு எதற்கு இவ்வளவு செலவு" என்று ஒருவர். இதை நான் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், பொறியாளர்கள் இருந்த கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன்.

நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. முப்பது வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அது வருகிற வாய்ப்பு 26 சதவீதம், ஐம்பது வருஷத்தில் 39. போன வருஷம் வந்ததை இந்த வருஷத்து மேகம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

காலநிலை இதில் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கற்பனை ஆற்றை எடுத்துக்கொள்வோம். வருடாந்தர உச்ச வெள்ளத்தின் சராசரி வினாடிக்கு 1,000 கன மீட்டர், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு விலகுகிற அளவு) 600. பழைய உச்சங்களை வைத்து அரிய வெள்ளத்தைக் கணிக்கிற கம்பெல் முறையில் நூறாண்டு வெள்ளம் 2,882. இப்போது எல்லா வெள்ளமும் 15 சதவீதம் கூடிவிட்டது என்று வையுங்கள். அதே 2,882 இப்போது 45 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 20 சதவீதம் கூடினால் 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 15 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிகிறது. நூறு நாற்பத்தைந்தாகிறது என்றால்தான் உறைக்கிறது. இனிமேல் எந்தக் கூட்டத்திலும் சதவீதத்தைச் சொல்லாமல் ஆண்டைச் சொல்லப்போகிறேன்.

இன்னொன்று. கம்பெல் கணக்கு பழைய பதிவுகள் எல்லாம் ஒரே குணமுள்ள காலத்தில் எடுக்கப்பட்டவை என்று நம்புகிறது. புதுச்சேரியில் ஃபெஞ்சலுக்கு முன்னால் பெரிதாகப் பேசப்பட்ட ஒருநாள் மழை 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 செ.மீ. அந்த வரிசையில் 48 வந்து நிற்கிறது. அதைச் சேர்த்தால் ஒரு விடை, "விதிவிலக்கு" என்று தள்ளினால் வேறு விடை. தள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விழுப்புரம் முதல் கிருஷ்ணகிரி வரை வீடு இழந்தவர்களுக்கு அது விதிவிலக்காக நடக்கவில்லை.

12 ஜூலை

தேவனாம்பட்டினம் முகத்துவாரத்துக்குப் போயிருந்தேன். மணல்திட்டு பாதி வாயை அடைத்துக் கிடக்கிறது, ஓதம் ஏறும்போது கடல்தண்ணீர் கெடிலத்துக்குள் மெதுவாக நடந்து வருகிறது. இதைப் பார்க்கும்போது என் கணக்கில் ஒரு பக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்று தோன்றியது.

சாதாரண ஆற்றில் நீரோட்டம் 20 சதவீதம் கூடினால் ஆழம் சுமார் 12 சதவீதம் கூடும். நாலு மீட்டர் ஓடுகிற இடத்தில் 46 சென்டிமீட்டர். கரையை அவ்வளவு உயர்த்தினால் தீர்ந்தது என்று எழுதிவிடலாம். கடலூர் ஊருக்குள் அப்படி எழுத முடியாது, ஏனென்றால் கீழே தண்ணீர் மட்டத்தை ஆறு தீர்மானிப்பதில்லை, கடல் தீர்மானிக்கிறது. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி இந்த நூற்றாண்டின் முடிவில் உலகக் கடல்மட்டம், உமிழ்வை நன்றாகக் குறைத்தாலும் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை உயரும். குறைக்காமல் விட்டால் 63 முதல் 101 வரை. இன்றைக்கு உச்ச ஓதத்தில் கடல் எங்கே நிற்கிறதோ, அது நாளைக்குச் சாதாரண ஓதத்தின் மட்டம்.

2024 டிசம்பர் 1 அமாவாசை. புயல், அமாவாசை ஓதம், அதன் பின்னாலேயே அணைத்தண்ணீர், மூன்றும் அடுத்தடுத்து. செம்மண்டலத்தில் என் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வேகமாக வரவில்லை, மெதுவாக ஏறியது, ஆனால் இறங்க மறுத்தது. அரிசி டிரம்மை மேசை மேல் வைத்து, அந்த மேசையைக் கட்டில் மேல் வைத்திருந்தார்கள். வடிய வழி இல்லாத வெள்ளம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அக்கா பிள்ளைகள் பார்த்தார்கள்.

13 ஜூலை

புதுச்சேரி வழியாக ஓடுகிற சங்கராபரணி ஆற்றைப் பற்றிக் கேட்ட வில்லியனூர் நண்பருக்கு: மயிலத்தில் பெய்த மழை வீடூர் அணைக்கு வரும், அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி மட்டும். சாத்தனூருக்குச் சொன்னது அதற்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

27 ஜூலை

முதலில் இருந்து படித்துப் பார்த்தேன். கூடுதலை எங்கே சேர்க்கவேண்டும் என்பதை நேராக ஓரிடத்தில் சொல்லவேண்டும். மழையில் சேருங்கள். முடிவில் வருகிற நீரோட்டத்தின் தலையில் சேர்க்காதீர்கள்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், இது இயற்பியல். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த ஒருநாள் கனமழை, 2 டிகிரி சூடான உலகத்தில் 14 சதவீதம் கனக்கும் என்கிறது ஐபிசிசி. ஆனால் மழை கூடுகிற அதே விகிதத்தில் ஓடுகிற தண்ணீர் கூடுவதில்லை, அதைவிட அதிகமாகக் கூடுகிறது. மண் தன் பங்கைக் குடித்துவிடுகிறது, மீதிதான் ஓடுகிறது, அதனால் கூடுதல் மழையில் பெரும்பங்கு ஆற்றுக்கே போகும். வளைகோட்டு எண் (நிலம் மழையை எவ்வளவு ஓடவிடும் என்பதற்கான குறியீடு) 80 உள்ள நிலத்தில் 200 மி.மீ. மழை 220 ஆனால், 10 சதவீத உயர்வு, ஓட்டம் 140-இலிருந்து 159 ஆகிறது. 13 சதவீதத்துக்கு மேல். 100 மி.மீ. மழை 110 ஆனால் ஓட்டம் 16 சதவீதத்துக்கு மேல் ஏறும். ஏரிகள் நிரம்பி எல்லாக் கலுங்கும் ஓடுகிற கார்த்திகையில் கணக்கு வேறு, ஏரி வறண்டிருக்கிற புரட்டாசியில் வேறு. ஒரே சதவீதத்தை நீரோட்டத்தின் மேல் ஒட்டினால் இந்த வேறுபாடு எல்லாம் மறைந்துபோகிறது.

ஆஸ்திரேலியாவில் 2024-இல் வழிகாட்டியைத் திருத்தி, மழை பெய்கிற நேரத்தைப் பொறுத்துப் பிரித்தார்கள். ஒரு நாளும் அதற்கு மேலும் பெய்கிற மழைக்கு டிகிரிக்கு 8 சதவீதம், ஒரு மணி நேரமும் அதற்குள்ளும் கொட்டுகிற மழைக்கு 15. அவர்கள் எண்ணை நம் கரைக்கு அப்படியே தூக்கிவரக் கூடாது, நம் மழையின் குணம் வேறு. ஆனால் சின்ன ஓடைக்கு ஒன்று, பெரிய ஆற்றுக்கு ஒன்று என்ற பாகுபாடு இங்கேயும் கட்டாயம் வேண்டும். 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் உயிர்களைக் கொண்டுபோனது பெண்ணையாறோ கொள்ளிடமோ இல்லை, ஓடை. திடீரென்று வந்தது, ஓட நேரம் இல்லை. சின்ன ஓடைக்குத்தான் நாம் குறைந்த அக்கறையோடு கணக்குப் போடுகிறோம்.

மத்திய நீர் ஆணையமும் வானிலைத் துறையும் சேர்ந்து துணைமண்டலவாரியாகப் போட்ட வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகள் இருக்கின்றன. நம் கிழக்குக் கரைக்கும் உண்டு. 25 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறுகளுக்கு அவற்றைத்தான் முதலில் எடுக்கவேண்டும். மழை, படுகையின் நீளம், சரிவு எல்லாம் அதில் இருப்பதால் காலநிலைக் கூடுதலை மழையில் வைக்க இடம் இருக்கிறது. ஆனால் அவற்றின் மழை வரைபடங்கள் 1980-களின் தரவு. புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

9 ஆகஸ்ட்

தம்பி புது எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறார். ஊர்க்காரர்கள் கிராமசபையில் மனு கொடுத்து, குறிகளைப் போட்டோ எடுத்து இணைத்ததால் மறுகணக்குக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தேன். ரைவ்ஸ் போய்விட்டது, ரேஷனல் முறையில் 40 வந்திருக்கிறது, வெள்ளக்குறியை வைத்துப் போட்ட கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

காலநிலைக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். இனி ஒன்றரை டிகிரி ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டால், டிகிரிக்கு 7 சதவீதம் என்ற கீழ் எல்லையில் 44 கன மீட்டர், 15 என்ற மேல் எல்லையில் 49. இரண்டையும் எஸ்டிமேட்டில் எழுதுங்கள், எந்த வெப்ப உயர்வுக்குப் போட்டது என்பதையும் எழுதுங்கள், பின்னால் வருகிற பொறியாளர் திருத்திக்கொள்ள முடியும். தண்ணீர் வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் 49-க்கு 20 சதுர மீட்டர் திறப்பு வேண்டும், அதாவது 4 மீட்டர் அகலம் 2.5 மீட்டர் உயரத்தில் இரண்டு கண். மிதந்து வருகிறவை தட்டாமல் போக மேலே 90 சென்டிமீட்டர் இடைவெளி தனி. பழைய கணக்கில் இருந்தது 3.5 மீட்டரில் ஒரே ஒரு கண்.

ஒரு கண்ணுக்கும் இரண்டு கண்ணுக்கும் செலவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பணம் போதவில்லை என்றால் உயரத்தைக் குறைக்காதீர்கள், கண்ணையும் குறைக்காதீர்கள், சாலையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாழ்வாக விட்டு அதற்கு மேல் வருகிற தண்ணீர் சாலையை உடைக்காமல் வழிந்து போகும்படி கான்கிரீட் போடுங்கள். கீழ்ப்பக்கத்தில் வாய்க்கால் ஆக்கிரமிப்பு எடுக்காமல் மேலே எத்தனை கண் வைத்தாலும் தண்ணீர் நிற்கும். அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிக்கொண்டு புரட்டாசிக்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.